கூவறுதி

குழி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தபோது ஜீப்பு சத்தம் கேட்டது. பால்ராஜ் மண்வெட்டியை நிறுத்தவில்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க ஆள் வருகிறது என்றுதான் நினைத்தார். ஆனால் துட்டிக்கு வருகிற ஜீப்பு கீழே போடியிலிருந்து ஏறி வர வேண்டும். இது மேலே எஸ்டேட்டுப் பாதையில் இறங்கி வந்து, குழிக்குப் பக்கத்தில் நின்றது.

குழி வெட்டுகிறவர்களுக்குக் கடுங்காப்பி கொண்டு வந்திருந்த மகாராணி, தூக்குவாளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். செத்துப்போன பால்சாமிக்கு அவள் மூத்த மகள். சற்று முன்னால்தான் பால்ராஜ் அவளைப் பார்த்து, "ஏத்தா, குழிமேட்டுக்குப் பொம்பளைக வரப்படாதுன்னு ஒனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டிருந்தார்.

"நா எங்கப்பன் காட்டுக்கு வந்தேன் சித்தப்பு. குழிமேட்டுக்கு வரல. காப்பி வேணாம்னா சொல்லு, திருப்பிக் கொண்டுபோறேன்."

"வாளிய வச்சுட்டுப் பேசு தாயி" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் மிச்சமிருந்தது, ஜீப்பிலிருந்து பிரபாகரன் இறங்கும்போது.

பிரபாகரன் மேல்காட்டு எஸ்டேட்டுக்கு மேனேஜர். மேல்காடு போன வருசம் கை மாறியது. புது முதலாளியை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. மேனேஜரைத்தான் தெரியும். பால்சாமி மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர்தான் ஆள் வைத்து வேலிக்கல் ஊன்றினார். அந்தக் கற்கள் மகாராணியின் அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கீழே ஒரே வரிசையாக நின்றன. கம்பி இன்னும் இழுக்கவில்லை. பால்சாமி வீடு திரும்பியும் மேலே ஏறி வந்து அதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு வரவில்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

"சாவு விசயம் கேள்விப்பட்டேன்" என்றார் பிரபாகரன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். "வருத்தந்தேன். ஆனா இங்க வெட்டச் சொன்னது யாரு?"

"எங்கம்மா பக்கத்துல எங்கப்பாவ வைக்கிறோம். இதுக்கு யாரு சொல்லணும்?" என்று முன்னால் வந்தான் அருள்பாண்டி. மகாராணியின் தம்பி. போடியில் லோடு ஜீப்பு ஓட்டுகிறவன். விடிந்ததிலிருந்து அவன் கண் சிவந்தே இருந்தது.

"தம்பி, இது வேலிக்குள்ள வருது. மிசினு வச்சு அளந்து ஊண்டுன கல்லு. ஏற்கனவே உள்ள சமாதிய நா ஒண்ணும் சொல்லல. புதுசா ஒண்ணு வந்துச்சுன்னா மொதலாளி ஏங்கழுத்துலதேன் கத்திய வைப்பாரு."

"அப்ப எங்கய்யன எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்றீக? ஒங்க மொதலாளி வீட்டு வாசல்லயா?"

"டேய் அருளு" என்றாள் மகாராணி.

வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியிருந்தது. இந்தச் சரிவில் பொழுது சீக்கிரம் போய்விடும். போடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே நிழல் இறங்கிவிடும். இருட்டுவதற்குள் மண்ணைத் தள்ளியாக வேண்டும். இல்லையென்றால் கீழே போடி மயானத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அம்மா ஒரு மூலையிலும் அப்பா ஒரு மூலையிலும். அருள்பாண்டி காலையிலேயே ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தான். மகாராணி தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று.

அருள்பாண்டி சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். "பத்திரம் இருக்கு. வாசிச்சுப் பாருங்க."

"எங்ககிட்டயும் பத்திரம் இருக்கு தம்பி. ரெண்டுலயும் ஒரே வார்த்தைதேன் எழுதிருக்கு. அங்கனதான சிக்கல்."

மகாராணிக்கு அந்த வார்த்தை தெரியும். அந்தப் பத்திரத்தை முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தவளே அவள்தான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, மலையேறி ஏலக்காய் எடுத்து, விரல் கறுத்த பிறகுதான் அவளுக்கு எழுத்து வந்தது. சாயங்கால வகுப்பில் கற்றுக்கொடுத்த அக்கா, வீட்டில் கிடக்கிற எதையாவது வாசியுங்கள் என்றாள். வீட்டில் காகிதம் என்று கிடந்தது அது ஒன்றுதான். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்தாள், மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிற மாதிரி.

"கீழ்மால், வண்டியவுத்த மேட்டுக்கும் மேற்கு. தென்மால், பொதிமாட்டுத் தடத்துக்கும் வடக்கு. வடமால், காய்ச்சக்காரன் ஓடைக்கும் தெற்கு. மேல்மால், கூவறுதிக்கும் கிழக்கு. இந்த நான்கு மாலுக்கும் உட்பட்ட புஞ்சைக்காடு."

மால் என்றால் எல்லை என்று அப்பா சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மாட்டுவண்டி அதற்கு மேல் ஏறாது என்பதால் மாட்டை அவிழ்த்துவிட்ட இடம் வண்டியவுத்த மேடு. அங்கிருந்து உப்பையும் அரிசியையும் மாட்டு முதுகில் ஏற்றி மலைக்கு அனுப்பின தடம் தென்மால். மலைக்காய்ச்சல் கண்டு தோட்டத்திலிருந்து துரத்திவிடப்பட்டவர்கள் இறங்கி வருகிற வழியில், இதற்கு மேல் நடக்க முடியாது என்று படுத்துத் தண்ணீர் குடித்த இடம் காய்ச்சக்காரன் ஓடை. எழுந்து போனவர்கள் போனார்கள். போகாதவர்களும் உண்டு. அந்த ஓடையில்தான் அவள் சின்னப் பிள்ளையில் துணி அலசினாள். அன்று ராத்திரி அவளுக்கு நெடுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. காலுக்குக் கீழே இத்தனை பேர் நடந்திருக்கிறார்கள், அது இத்தனை காலமாக ஒரு காகிதத்தில் எழுதிக் கிடக்கிறது, தனக்குத்தான் வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"அப்ப கூவறுதின்னா என்னப்பா?" என்று கேட்டாள்.

"அது வார்த்தைய வச்சுச் சொன்னா வெளங்காது. அங்க போயி நின்னாத்தேன் வெளங்கும். ஒருநா வா, காட்டுறேன்."

போகலாம் போகலாம் என்றே இருந்தது. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு தாண்டி அந்தப் பக்கம் போய் காய் எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது இடுப்பு தனியாகக் கழன்று கிடக்கும். லீவு நாளில் துணி, ரேசன், பிள்ளைகள். இந்தச் சரிவில் ஏறி ஒரு எல்லையைப் பார்க்க அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கவில்லை.

"எங்க வக்கீலு, கூவறுதிங்கிறது யாரோ பழைய ஆளோட பேருன்னாரு" என்றார் பிரபாகரன். "ஒங்கப்பாவக் கேட்டா சொல்லிருப்பாரு. அவரு இப்ப..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"பால்சாமி அண்ணே... ஏ... பால்சாமி அண்ணே... பொழுது சாயுது... வீட்டுக்கு வாண்ணே..."

அன்னக்கொடி அத்தை. பால்சாமியின் ஒரே தங்கச்சி. பொட்டிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பால்சாமி குடும்பத்தில் இப்படிக் கூவுவது வழக்கம். குளிப்பாட்டிக் கோடி போட்டு முடிந்ததும், கூடப் பிறந்தவர் ஒருவர் வீட்டுக்கு முன்னால் உள்ள பாறையில் ஏறி, மலையைப் பார்த்துச் செத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலே காட்டில் வேலையாக இருக்கிற ஆளைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி. கூப்பிட்டும் வரவில்லையென்றால்தான் பிணத்தைத் தூக்கலாம். அம்மா செத்த அன்றும் கூவினார்கள். அன்று மகாராணி கீழே பாறைக்குப் பக்கத்தில் இருந்தாள். அங்கிருந்து கேட்டபோது அது ஒரு அழுகை, அவ்வளவுதான்.

இப்போது மேலே நின்று கேட்கிறாள். வீடு இங்கிருந்து தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது. பாறையில் நிற்கிற அத்தை ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் குரல் காதுக்குள் வந்து விழுந்தது. 'வாண்ணே' என்று முடிக்கும்போது அத்தை மூக்கை உறிஞ்சினதுகூடக் கேட்டது. எதிர்ச்சரிவில் மோதி, ஏறி, யாரோ கையில் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. யாரும் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று குழியைத் தாண்டி மேலே நடந்தாள். அங்கே ஒரு பாறை முதுகு, படுத்திருக்கும் எருமை மாதிரி, மேலிருந்து சாய்வாக இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. அதன் மேல் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

குரல் நின்றுவிட்டது.

அத்தை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தாள். அப்படியென்றால் தூக்கப் போகிறார்கள். இங்கே ஒன்றும் முடிவாகவில்லையே என்று பதறித் திரும்பினாள். பாறை முதுகின் மேல் கால் வைத்த உடனே, "...சாமி அண்ணே" என்றது குரல், பாதியிலிருந்து.

மகாராணி அப்படியே நின்றாள். மெதுவாக ஒரு எட்டு பின்னால் வைத்தாள். ஒன்றும் இல்லை. காற்று மட்டும். ஏதோ ஒரு பூச்சி. முன்னால் வைத்தாள். "வீட்டுக்கு வாண்ணே." தூரம் போகப் போகக் குரல் தேய்ந்து மறையும் என்றுதான் அவள் அறிந்திருந்தாள். இது தேயவில்லை. நூலை அரிவாளால் வெட்டின மாதிரி, இந்தக் காலில் இருந்தது, அந்தக் காலில் இல்லை.

கூவினது அறுகிற இடம், கூவறுதி. அப்பா சொன்னது சரி. வார்த்தையை வைத்துச் சொன்னால் விளங்காது.

"சித்தப்பு" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சித்தப்பு, வெரசா இங்க வா. சார், நீங்களும் வாங்க. செத்த நேரம் யாரும் பேசாதீக."

பிறகு கீழே பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். "அத்தே... நிறுத்தாத... நாஞ் சொல்றவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இரு அத்தே..."

வெள்ளைப் புள்ளி அசையாமல் நின்றது. ஏன் என்று அத்தை கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிடத் தொடங்கினாள்.

பால்ராஜ் குழியிலிருந்து ஏறி வந்தார். முழங்கால் வரை செம்மண். மகாராணி அவர் தோளைப் பிடித்துப் பாறை முதுகில் நிறுத்தினாள், பிறகு அந்தப் பக்கம் இறக்கினாள். அவர் காதைச் சாய்த்தார். திரும்ப ஏறினார். திரும்ப இறங்கினார். வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"அடி ஆத்தா" என்றார். "ஒங்கம்மாவுக்குக் குழி வெட்ட வந்த அன்னைக்கு, ஒங்கப்பன் இங்கனக்குள்ளயே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்தாரு. கீழ கூவிக்கிட்டு இருந்தாக. துக்கத்துல மனுசனுக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம். அம்புட்டு நேரம் நடந்துட்டுத்தேன், இங்க வெட்டுன்னு எடங் காட்டுனாரு."

மகாராணி அம்மாவின் கல்குவியலைப் பார்த்தாள். பாறை முதுகிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். வீட்டுக்குப் பக்கத்தில் அத்தனை மண் கிடக்க, ஏன் இந்தக் கோடியில் கொண்டுவந்து வைத்தார் என்று அவளும் தம்பியும் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டதுண்டு. கூப்பிட்டால் கேட்கிற கடைசி இடம் அது.

"நீங்க வந்து நில்லுங்க சார்."

பிரபாகரன் தயங்கினார். பிறகு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு பாறையில் ஏறினார், இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை செய்தார். கொஞ்சம் தள்ளிப்போய், பாறை முதுகு மேலே ஏறுகிற இடத்திலும் நின்று பார்த்தார். அங்கேயும் அதன் மேல் கேட்டது, தாண்டினால் அற்றது. கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. ஒரு வேலியை விரலால் தடவிப் பார்க்கிறவர் போல அந்தப் பாறையோரமாகவே நடந்தார்.

"காத்து மாறி அடிச்சா?" என்று கேட்டார், தனக்குத்தானே கேட்பது போல.

"காத்து மாறும் சார். பாறை மாறுமா?" என்றார் பால்ராஜ்.

கீழே அத்தையின் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. முன்பு மணியாக வந்த குரல் இப்போது உலர்ந்த சருகு மாதிரி வந்தது. அப்படியும் பாறை வரைக்கும் வந்தது. குரல்தான் தேய்ந்தது. அது அறுகிற இடம் ஒரு விரல்கூட நகரவில்லை.

மகாராணிக்கு அந்தப் பழைய ஆட்களின் நினைப்பு வந்தது. பேர் தெரியாது, முகம் தெரியாது. இந்தச் சரிவு முழுக்க இருட்டுக் காடாக இருந்திருக்கும். யானை, காய்ச்சல், காட்டுத்தீ. காட்டைத் திருத்தின ஒருவன் தன் வீட்டு வாசலில் ஒரு ஆளை நிறுத்திக் கூவச் சொல்லிவிட்டு மேலே ஏறியிருப்பான். குரல் அற்ற இடத்தில் நின்றிருப்பான். இதற்கு அப்பால் எனக்கு ஒன்று ஆனால் கூப்பிட்டு யாருக்கும் கேட்காது, அதனால் அது எனக்கு வேண்டாம். அந்தப் பக்கத்துக்காரனும் வந்து நின்று கேட்டு, ஆமாம் என்றிருப்பான். பத்திரம் எழுதுகிறவன் மேல்மால் எது என்று கேட்டபோது இவர்கள் சொன்ன ஒற்றைச் சொல்லை அவன் அப்படியே எழுதிக்கொண்டான். சங்கிலி போட்டு அளந்தவர்கள் வந்தார்கள், மிசினோடு வந்தார்கள். அந்தச் சொல் மட்டும் பத்திரத்துக்குப் பத்திரம் மாறி மாறி எழுதப்பட்டு, அர்த்தம் தெரியாத கைகள் வழியாக, இன்றைக்கு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பிரபாகரன் பாறையிலிருந்து இறங்கி வந்தார். இறங்கும்போது அம்மாவின் கல்குவியலை மிதித்துவிடாமல் சுற்றி வந்தார்.

"மொதலாளி கேட்டா நா என்னன்னு சொல்ல?" என்றார்.

பால்ராஜ் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினார்.

"கேக்கலைன்னு சொல்ல முடியாதுல்ல" என்று அவரே சொன்னார். "சரி. வையுங்க. கல்லு விசயத்த நாளைப்பின்ன பேசிக்கிருவோம்."

அருள்பாண்டி பெரிதாக மூச்சு விட்டான். மண்வெட்டியை எடுத்து மற்ற ஆட்களைப் பார்த்து, "எறங்குங்கய்யா, இன்னும் ஒரு மொழம்தேன்" என்றான்.

மகாராணி குழியோரம் நின்றாள். தலைமாட்டில் நின்று கேட்டாள். அத்தையின் குரல் இருந்தது. கால்மாட்டுக்குப் போனாள். பாறை முதுகு சாய்வாக இறங்கி, மண்ணுக்குள் மறைந்து, குழிக்கு அடியில்தான் போயிருந்தது. கால்மாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் தலைமாட்டுக்கு வந்தாள். இன்னொரு தடவை போனாள். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தாள், மாறிவிடாதா என்று.

"எறங்காதீக" என்றாள். "இந்தக் குழி ஆகாது."

"என்னக்கா?"

"பாதி அங்கிட்டுப் போயிருக்குடா."

"அக்கா!" அருள்பாண்டி குரலைத் தாழ்த்தினான், பற்களுக்கு நடுவே. "அவரே சரின்னுட்டாரு. நீ என்ன புதுசா வழக்க இழுக்குற? ஒனக்குப் பைத்தியமா? இந்தப் பக்கம்தேன் மண்ணு. அங்கிட்டு ஆத்தாவுக்குக் கீழ பூராம் கல்லு. மண்ணு பாத்துத்தான இங்க வெட்டச் சொன்னேன்!"

"கால்மாட்டுல கேக்கலடா."

"செத்த மனுசனுக்கு என்னக்கா கேக்கப்போகுது?"

கீழே அத்தை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அருள்பாண்டியும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றான். தலைமாட்டுப் பக்கம்தான் அவன் நின்றான். பிறகு மெல்லக் கால்மாட்டுப் பக்கம் நகர்ந்தான். அங்கே நின்று, தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தான்.

பால்ராஜ் அதற்குள் அம்மாவின் கல்குவியலுக்குக் கீழே, வேலிக்கல்லுக்கும் அதற்கும் நடுவில் இருந்த இடத்தில் காலால் கோடு கிழித்துவிட்டார். முதல் குத்திலேயே கடப்பாரை ணங்கென்று துள்ளியது.

"வாங்கின கூலிக்கு ரெண்டு குழி" என்றார் அவர். "பால்சாமி உசுரோட இருந்தப்பவும் எங்கிட்ட இப்படித்தேன் வேல வாங்கினாரு."

கல் பெயர்ந்து வர மறுத்தது. மலை நிழல் பாதிச் சரிவுக்கு இறங்கிவிட்டது. பிரபாகரன் ஜீப்பு வரைக்கும் போய், அங்கே நின்ற தன் ஆட்கள் இருவரையும் கடப்பாரையோடு கூட்டி வந்தார். அவர்கள் மேல்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்த்துப் பழகினவர்கள். கல்லின் நரம்பு பார்த்து அடித்தார்கள். ஒரு பெரிய கல் புரண்டு வந்தபோது எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். மேனேஜரின் வெள்ளை வேட்டியில் செம்மண் அப்பியது.

"அந்த மொதக் குழிய என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பாதி எங்க பக்கம். வெட்டுன குழி வெறுமன கெடந்தா இன்னொரு ஆளு கேக்கும்பாக."

"ஒரு வாழைத்தண்ட வெட்டிப் போட்டு மூடிருவோம் சார். அது போதும்னு போயிரும்."

"வாழைய எங்கிட்டு வெட்டப்போறீக?"

"ஒங்க தோட்டத்துலதேன்" என்றார் பால்ராஜ். மேனேஜரும் சிரித்துவிட்டார். சாவுக் காட்டில் சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போல உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

புதுக்குழி முடிந்தபோது மகாராணி அதைச் சுற்றி வந்தாள். தலைமாட்டில் நின்றாள். கால்மாட்டில் நின்றாள். இரண்டு இடத்திலும் அத்தை கூப்பிட்டாள். இப்போது பெயர்கூடச் சரியாக வரவில்லை. "...ணே... ணே..." என்று மட்டும்.

அவள் கையைக் குவித்தாள். "அத்தே... குழி ஆச்சு... மதி... நிறுத்திரு..."

போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் நாளெல்லாம் காதில் விழுகிற, 'போதும்' என்கிற மலையாள வார்த்தை அவளை அறியாமல் வந்துவிட்டது. கீழே குரல் நின்றது. நின்ற பிறகுதான் சரிவு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. காப்பிச் செடிகள், இலவ மரங்கள், ஓடை, எல்லாம் ஏதோ ஒன்று எடுக்கப்பட்ட மாதிரி நின்றன. கொஞ்ச நேரத்தில் கொட்டுச் சத்தம் ஏறி வந்தது.

மண் தள்ளும்போது பிரபாகரனும் ஒரு கைப்பிடி போட்டார். பெண்கள் வரக் கூடாது என்று யாரும் மகாராணியிடம் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவள் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். அருள்பாண்டி உடைத்த கொள்ளிக்குடத்தின் சில்லுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். மேலேயிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கு ஏற்றியிருந்தார்கள். அன்னக்கொடி அத்தை கூடத்தில் இல்லை. இன்னும் வெளியே பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து. யாரோ போர்த்திவிட்ட துண்டு தோளிலிருந்து நழுவிக் கிடந்தது.

மகாராணி குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒரு தம்ளரில் சுக்குத்தண்ணி கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முயன்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அத்தை கையைத் தூக்கி மேலே காட்டினாள். பனி மூடியிருந்த அந்தக் கோடியை. பிறகு அதே விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். புருவம் மேலே போயிற்று.

மகாராணி தலையசைத்தாள்.

அத்தை தம்ளரை வாங்கி, ஊதி, முழுவதையும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தம்ளரை நீட்டினாள்.